இறந்தவர்களுக்கு நினைவு இருக்குமா? வேற்றுலக விளையாட்டு நூல்களைத் தெரிவு செய்தல்

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, சேர்ந்து ஒரு கதையை நகர்த்துகிறார்கள். ஒருவர் கதைநடத்துநராக இருந்து உலகத்தை விபரிக்கிறார். அமெரிக்காவில் கேரி கைகெக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளிக்கொணர்ந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி. கதை நடக்கும் இடங்களை விபரிக்கும் துணைநூல்களை ‘சோர்ஸ்புக்’ என்கிறார்கள். மனித உலகுக்கு அப்பாலுள்ள உலகங்களைப் பற்றிய நூல்கள் அவற்றில் ஒரு தனி வகை.

அந்த வகையில் எதை வாங்குவது என்பது ரசனை சார்ந்த விடயமாகத் தோன்றலாம். ஆனால், இந்நூல்கள் ஒவ்வொன்றும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகின்றன. இறந்தவர்கள் எங்கே போகிறார்கள்? யுத்தம் ஒருநாள் முடியுமா? யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களோ அவர்களது பிள்ளைகளோ அமரும் மேசையில் இவை சாதாரணமான கேள்விகள் அல்ல. ஆகவே, இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்தே நான் நூல்களைப் பார்க்கிறேன்.

இந்த உலகங்களின் வரைபடத்தை கைகெக்ஸ் 1977இல் ‘த டிராகன்’ சஞ்சிகையில் எழுதினார். நெருப்பு, நீர், காற்று, மண் ஆகியவற்றுக்கு ஒவ்வோர் உலகம். அவற்றுக்கும் அப்பால் நன்மை, தீமை, ஒழுங்கு, குழப்பம் என்ற நிலைப்பாடுகளுக்கேற்ப அமைந்த புற உலகங்கள். அவை தெய்வங்களினதும் பிசாசுகளினதும் இருப்பிடங்கள்.

இதை முழு நூலாக விரித்தவர் ஜெஃப் கிரப். 1987இல் வெளியான அவரது ‘மேனுவல் ஒஃப் த பிளேன்ஸ்’ ஒரு கலைக்களஞ்சியம் போன்றது. ஒவ்வோர் உலகிலும் மந்திரம் எப்படி மாறும், ஈர்ப்புவிசை எப்படி இருக்கும், சாதாரண மனிதர் அங்கே உயிர்தப்ப என்ன வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. உசாத்துணையாக வைத்திருக்க நல்ல நூல். ஆனால், அங்கே போய் யாரைச் சந்திப்பது, என்ன செய்வது என்று தேடினால் குறைவாகவே கிடைக்கும். முதலில் வாங்க வேண்டிய நூல் இதுவல்ல.

1994இல் டேவிட் குக் உருவாக்கிய ‘பிளேன்ஸ்கேப்’ பெட்டித்தொகுதி அந்தக் குறையைப் போக்கியது. அதன் மையத்தில் சிஜில் என்ற நகரம் இருக்கிறது. வளைய வடிவிலான அந்த நகரத்தின் கதவுகள் எல்லா உலகங்களுக்கும் திறக்கின்றன. அங்கே பதினைந்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தத்துவம். அவற்றில் ‘டஸ்ட்மென்’ என்ற அணியினர் நாம் எல்லோரும் ஏற்கெனவே இறந்துவிட்டோம் என்று நம்புபவர்கள். நகரத்தின் பிணவறையை நடத்துபவர்களும் அவர்களே. இந்த நூலின் அடிப்படை விதி, மக்களின் நம்பிக்கை உலகத்தை மாற்றும் என்பது. ஓர் ஊரிலுள்ளவர்களின் மனம் மாறினால் அந்த ஊரே இடம்பெயர்ந்து வேறோர் உலகுக்குள் போய்விடக்கூடும்.

ஆனால், அதே தொகுதியில் இன்னொரு விதியும் உண்டு. இறந்தவர் தன் வாழ்க்கைக்குப் பொருத்தமான உலகில் புதிய உடலோடு தோன்றுவார். பழைய வாழ்க்கை எதுவும் அவருக்கு நினைவிருக்காது. பிள்ளையைத் தேடி அந்த உலகுக்குப் போகும் தாயைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் படம் சுவரில் தொங்கும் வீட்டிலிருந்து விளையாட வருபவருக்கு இது வெறும் கதைநுட்பமாக இருக்காது. வாங்குபவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்த உலகங்களில் இருவகைப் பிசாசினங்களுக்கிடையில் ‘பிளட் வோர்’ என்ற முடிவற்ற யுத்தம் நடக்கிறது. ‘பிளேன்ஸ்கேப்’ காலத்திலிருந்தே இது முக்கியமான பின்னணி. 2018இல் வெளிவந்த ‘மோர்டன்கெய்னன்ஸ் டோம் ஒஃப் ஃபோஸ்’ இதற்கு ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கியது. 2019இன் ‘டிசென்ட் இன்டு அவர்னஸ்’ இன்னும் நெருங்கி வருகிறது. ஆட்சியாளர் செய்த இரகசிய ஒப்பந்தத்தால் எல்டுரெல் என்ற நகரம் மக்களோடு சேர்த்து நரகத்துக்குள் இழுக்கப்படுகிறது. தப்ப வழியின்றி மக்கள் உள்ளே அகப்பட்டிருக்கிறார்கள். விறுவிறுப்பான நூல்தான். ஆனால், முற்றுகைக்குள் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லாமல் பரிசளிப்பதை நான் விரும்பமாட்டேன். அதேவேளை, இந்தக் கதையில் அந்த நகரத்தைக் காப்பாற்ற வீரர்களால் முடியும். அதனாலேயே சிலர் இதை விரும்பித் தெரிவு செய்யலாம். அது அவர்களது முடிவாக இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 2023இல் வந்த மூன்று நூல்கள் கொண்ட ‘பிளேன்ஸ்கேப்’ தொகுதி இலகுவானது. ஒன்று சிஜிலையும் சுற்றியுள்ள நிலங்களையும் விபரிக்கிறது, மற்றொன்று உயிரினங்களை, மூன்றாவது ஆயத்தமான ஒரு கதையைத் தருகிறது. 1994இன் தொகுதி அளவுக்கு ஆழம் இல்லை. பழைய நூல்களிலுள்ள எண்களும் கணக்குகளும் இன்றைய விதிகளோடு பொருந்தாவிட்டாலும், இடங்களையும் மனிதர்களையும் பற்றிய விபரிப்புகள் அப்படியே பயன்படும்.

எதை வாங்கினாலும், விளையாடும் முன்னர் ஒரு நாளைப் பேசுவதற்கென்று ஒதுக்குங்கள். ரொன் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் முன்வைத்த ‘கோடு, திரை’ முறை இதற்கு உதவும். கோடு என்றால் அந்த விடயம் கதையில் வரவே கூடாது. திரை என்றால் அது நடக்கலாம், ஆனால் மேசையில் விபரிக்கப்படாது. ஷெல் வீச்சு ஒருவருக்குக் கோடாக இருக்கலாம், பதுங்குகுழி இன்னொருவருக்குத் திரையாக இருக்கலாம். காரணம் கேட்கத் தேவையில்லை.

என் தெரிவு 1994இன் ‘பிளேன்ஸ்கேப்’. ஆனால், ஒரு விதியை மாற்றியே அதைப் பரிந்துரைப்பேன்: இறந்தவர்களுக்கு நினைவு இருக்கும். விதிகளை மாற்றும் உரிமை கதைநடத்துநருக்கு இந்த விளையாட்டில் எப்போதும் உண்டு. அதன் பிறகு மேசையில் அமர்பவர்கள் முடிவு செய்யட்டும், அந்த நினைவோடு வருபவரிடம் என்ன கேட்பது என்பதை.