பொருள் பேசட்டும்: சிறு வியாபாரங்களின் இணையத்தளங்களுக்கு வடிவமைப்பு ஏன் தேவை?

கொழும்பு கொள்ளுப்பிட்டியில், காலி வீதி 704 ஆம் இலக்கத்தில் 'பெயார்பூட்' என்ற கைத்தறிக் கடை இருக்கிறது. 1964 இல் தொடங்கிய நிறுவனம் அது. நல்லாயன் கன்னியர்கள் கிராமப்புறப் பெண்களுக்காக நெசவு நிலையங்களை நடத்தி வந்தார்கள். அங்கு நெய்யப்படும் துணிகளுக்கு வடிவமைப்புச் செய்து தரும்படி ஓவியர் பார்பரா சன்சோனியைக் கேட்டார்கள். அவர் கொடுத்தது நிறமும் கோடும். அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இந்தக் கடை. இன்று அங்கு போகிறவர்கள் நிறத்தைப் பார்த்துப் போகிறார்கள். ஏழைப் பெண்களுக்கு உதவுகிறோம் என்ற நினைப்பில் அல்ல, துணி பிடித்திருப்பதால் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

வடக்கு கிழக்கிலிருந்து பனை ஓலைப் பெட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள், கைத்தறிச் சேலை விற்கும் சிறு நிறுவனங்களின் இணையத்தளங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கடைதான் நினைவுக்கு வரும். பல தளங்களின் முகப்பில் கலங்கிய கண்களோடு ஒரு பெண்ணின் படம் இருக்கும். போரில் அவர் இழந்தவை பற்றி நான்கு பந்திகள் இருக்கும். பொருளின் படம் கீழே, இருட்டாக, தபால் தலை அளவில் கிடக்கும். விலை இருக்காது.

அந்தத் துயரம் உண்மை. ஆனால் அனுதாபத்தில் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு தடவைதான் வாங்குவார். ரொறன்ரோவில் இருப்பவரோ வெள்ளவத்தையில் இருப்பவரோ இரண்டாம் முறையும் வாங்க வேண்டுமென்றால் பொருள் அவருக்குப் பிடிக்க வேண்டும், விற்பவர் மீது நம்பிக்கை வர வேண்டும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் 2,600 க்கும் மேற்பட்டோரிடம் இணையத்தளங்களைக் காட்டி, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று கேட்டார்கள். கிடைத்த கருத்துகளில் சுமார் 46 வீதமானவை தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. முன்பின் அறியாத கடையை நாம் அதன் வாசலை வைத்துத்தானே எடைபோடுகிறோம்.

எழுத்து உடையாமல் இருக்கட்டும்

தமிழ்த் தளத்துக்கு முதல் சோதனை 'கொள்ளுப்பிட்டி' என்ற சொல்லே. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். தமிழ் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி, ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொழும்பின் பெயர்ப்பலகைகளில் இப்படி உடைந்த தமிழைக் கண்டு நாம் கோபப்படுகிறோம். எங்கள் சொந்தத் தளத்திலேயே அது நடந்தால் யாரைக் கோபிப்பது?

அடுத்தது பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அச்சகங்களில் இன்னும் அவை புழங்குகின்றன. பாமினியில் தட்டிய எழுத்தை அப்படியே தளத்தில் போட்டால், அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். யுனிகோட்டில் தமிழுக்கு 1991 முதல் இடம் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர் ஆகிய யுனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு தளத்துக்கு ஒன்று போதும், கூடினால் இரண்டு.

விபரங்களை எல்லாம் ஒரு படத்துக்குள் எழுதி அந்தப் படத்தை மட்டும் போடுவதும் பரவலாக இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் பிடிக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் பல வேளைகளில் வாசிக்காது. தொலைபேசி இலக்கத்தைத் தொட்டு அழைக்கவும் முடியாது. விலையும் இலக்கமும் எழுத்தாகவே இருக்கட்டும்.

ஆங்கிலத்துக்குச் சரியானது தமிழுக்குச் சரிவராது

ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்காட்டலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. ஆகவே அளவு, தடிப்பு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றால்தான் எது முக்கியம் என்று காட்ட வேண்டும். எங்கள் சொற்களும் நீளமானவை. ஆங்கிலத்துக்காகச் செய்த சிறிய பொத்தானுக்குள் 'தொடர்புகொள்ளுங்கள்' அடங்காது. 'அழைக்க' என்று போட்டால் அடங்கும்.

தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையே இடம் அதிகம் தேவை. எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைத்தால் கண் களைக்காது. சாம்பல் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 ஆக இருக்க வேண்டும் என்பது சர்வதேச அணுகல் வழிகாட்டல். இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. வெள்ளெழுத்து வந்த அம்மம்மாவும் உங்கள் வாடிக்கையாளர்தான்.

படம் எடுக்கப் பெரிய கமரா தேவையில்லை

காலை வெயிலில், ஜன்னலோரம், வெள்ளைத் துணி மேல் பொருளை வைத்துக் கைத்தொலைபேசியில் எடுத்தாலே போதும். பெட்டியின் அளவு புரியப் பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும். அப்படி எடுக்கும் படம் பல மெகாபைட் இருக்கும். சுருக்கிப் போடாவிட்டால், டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர் அது திறப்பதற்குள் போய்விடுவார்.

செய்த பெண்ணைப் பற்றிச் சொல்லவே கூடாதா என்று கேட்கலாம். சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள், ஊரைப் போடுங்கள், பின்னும் கைகளைக் காட்டுங்கள். அழுத முகத்தை விட அந்தக் கைகள் அவருடைய திறமையைச் சொல்லும்.

கடைசியாக ஒரு சோதனை. தளத்தை முன்பு பார்த்திராத அயலவர் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுங்கள். என்ன விற்கிறீர்கள், என்ன விலை, எப்படி வாங்குவது என்று அரை நிமிடத்துக்குள் அவர் சொல்ல வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.