ஒரு கிலோ சாமை அரிசியில் எத்தனை மணி நேரம்?

ஜவ்வாது மலை என்றதும் அறிவியல் ஆர்வமுள்ளவர்களுக்குக் காவலூர் நினைவுக்கு வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, 1986-ஆம் ஆண்டிலிருந்து மிகத் தொலைவிலுள்ள விண்மீன்களின் மங்கிய ஒளியையும் அளந்து வருகிறது. அளப்பதற்கு அரியதையும் அளக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே மலையின் சிற்றூர்களில் இன்னொரு பொருள் இருக்கிறது. அது சாமை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வரும் தானியம் அது. சாமை அரிசியின் எடையை அளக்கிறோம், விலையை அளக்கிறோம், அதிலுள்ள நார்ச்சத்தையும் இரும்புச்சத்தையும் ஆய்வுக்கூடத்தில் அளக்கிறோம். அந்த அரிசிக்குள் அடங்கியிருக்கும் மனித உழைப்பை எப்படி அளப்பது? இக்கட்டுரையில் நாம் காண இருப்பது இதைத்தான்.

பொருளின் வாழ்க்கை

உயிர்களுக்குப் பிறப்பும் வளர்ப்பும் முடிவும் இருப்பதைப் போலப் பொருள்களுக்கும் உண்டு. மூலப்பொருள் கிடைப்பது முதல், உருவாக்கம், போக்குவரத்து, பயன்பாடு, கடைசியில் கழிவாவது வரையிலான முழுப் பாதையையும் அப்பொருளின் வாழ்க்கைச் சுழற்சி என்கிறோம். இப்பாதை நெடுகச் செலவாகும் நீர், எரிபொருள், வெளியேறும் புகை ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் முறைக்கு 1997-இல் ஐ.எஸ்.ஓ. 14040 என்ற பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. 2009-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம், மனிதர்களின் நிலையையும் இக்கணக்கில் சேர்ப்பதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணி நேர உழைப்பு செல்கிறது என்று பார்ப்பது அதற்கான வழிகளுள் ஒன்றாகும்.

ஜூலில் அளக்கலாமா?

இயற்பியல் படித்தவர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: 'வேலையை அளக்கத்தான் ஜூல் என்ற அலகு இருக்கிறதே, அது போதாதா?' செய்து பார்ப்போம்.

உலக்கையின் நிறை 3 கிலோகிராம் என்றும், ஒவ்வொரு முறையும் அது 0.6 மீட்டர் உயர்த்தப்படுகிறது என்றும் கொள்வோம். ஒரு குத்துக்கு ஆகும் வேலை 3 × 9.8 × 0.6, அதாவது ஏறத்தாழ 17.6 ஜூல். நிமிடத்துக்கு 40 குத்து என்றால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 42,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே ஒரு பெண் 85 மணி நேரம் விடாமல் குத்தினால்தான் உலக்கைக்குக் கொடுத்த ஆற்றல் ஒரு யூனிட்டுக்குச் சமமாகும்! இந்தக் கணக்கை அப்படியே நம்பினால், அவளுடைய பத்து நாள் உழைப்பின் மதிப்பு ஒரு யூனிட் மின்சாரத்தின் விலைதான் என்று சொல்ல வேண்டிவரும்.

கணக்கில் பிழை இல்லை, அளவுகோல்தான் பொருந்தவில்லை. உலக்கையோடு அவளுடைய கைகளும் தோள்களும் உயர்ந்து தாழ்கின்றன. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் மிஞ்சிப்போனால் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகவும் வியர்வையாகவும் போகிறது.

சரி, உடல் செலவிடும் மொத்த ஆற்றலையே எடுத்துக்கொள்ளலாமா? நம் நாட்டு வேளாண் பொறியியல் ஆய்வுகளில் அப்படித்தான் வழக்கமாகச் செய்கிறார்கள். அவற்றில் ஆணின் ஒரு மணி நேர உழைப்புக்கு 1.96 மெகாஜூல் என்றும், பெண்ணுக்கு 1.57 மெகாஜூல் என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். பெண்ணின் உடல் அளவில் சிறியது, அதனால் எரிக்கும் ஆற்றலும் குறைவு என்பது இதன் அடிப்படை. எரிபொருள் கணக்குக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் உழைப்பின் அளவாக இதை வைத்தால், பெண் செய்யும் எந்த வேலையும் தொடங்குமுன்பே ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரம் களை பறித்தவளுக்குத் தன் வாழ்நாளில் 48 நிமிடமா கழிந்தது? அவளுக்கும் 60 நிமிடந்தானே!

ஆகவே நமக்கு ஏற்ற அலகு நேரமே. ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்தால் அது ஓர் ஆள்-மணி. ஆணாயினும் பெண்ணாயினும், கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும் அளவு ஒன்றே.

விதைக்குள் விதை

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சாமை விளைய விதை வேண்டும். அவ்விதையும் சென்ற ஆண்டு யாரோ உழைத்து விளைவித்ததுதான். அதற்கும் முன்னொரு விதை இருந்தது. இப்படிப் பின்னோக்கிப் போனால் முடிவு ஏது?

முடிவு உண்டு. ஒரு கிலோ தானியம் விளைய நேராக 1 ஆள்-மணி ஆகிறது என்றும், விளைச்சலில் ஐம்பதில் ஒரு பங்கு விதைக்குப் போகிறது என்றும் கொள்வோம். மொத்த உழைப்பு 1 + 1/50 + 1/2500 + ... என்று நீளும். பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான் இது; இதன் கூட்டுத்தொகை 50/49. அதாவது 1.02 மணிக்குச் சற்று மேல். முடிவில்லாத சங்கிலி ஒன்றரை நிமிடத்துக்குக் குறைவான நேரத்தையே கூட்டுகிறது!

அரிவாளின் இரும்பு, பேருந்தின் டீசல், ஆலையின் மின்சாரம் என எல்லாவற்றுக்குள்ளும் இப்படி மறைமுக உழைப்பு இருக்கிறது. ஒரு நாட்டின் தொழில்கள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அமைத்து இத்தகைய சங்கிலிகளைத் தீர்க்கும் உள்ளீடு-வெளியீடு முறையை வாசிலி லியோன்டிஃப் வகுத்தார். அமெரிக்கப் பொருளாதாரத்துக்கான அவருடைய அட்டவணை 1936-இல் வெளிவந்தது. 1973-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு மாதிரிக் கணக்கு

இனி சாமைக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் அளந்து பெற்றவை அல்ல. கணக்கின் வழியை விளக்குவதற்காக நாமே எடுத்துக்கொண்டவை.

ஒரு குடும்பம் 300 கிலோ தானியம் விளைவிக்கிறது. அதற்கான உழைப்பு:

உழவும் விதைப்பும் – 40 ஆள்-மணி
களை எடுப்பு – 80
காவல் – 40
அறுவடை – 60
கதிர் அடித்துத் தூற்றுதல் – 50
வீடு சேர்த்தல் – 30

மொத்தம் 300 ஆள்-மணி. கிலோவுக்கு ஒரு மணி. உமியும் தவிடும் போக ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ தானியம் வேண்டும் எனில், களம் வரையிலான உழைப்பு 1.5 மணி.

பலருடைய கணக்கு இங்கே நின்றுவிடுகிறது. ஆனால் சாமை இன்னும் உணவாகவில்லை. ஆயிரம் மணிகளைச் சேர்த்து நிறுத்தாலும் 3 கிராமைத் தாண்டாத சிறு தானியம் அது. ஒரு கிலோவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மணிகள். ஒவ்வொன்றின் மேலும் இறுகப் பற்றிய உமி. காயவைத்து, குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்திப் புடைக்க 0.75 மணி என்போம். விறகு கொண்டுவர 1 மணி, தண்ணீருக்கு 0.5, சமையலுக்கு 1, பாத்திரம் கழுவ 0.5.

ஆகக் கூடுதல் 5.25 ஆள்-மணி. இதில் களைக்கும் அறுவடைக்கும் மட்டும் கூலி ஆள் வைத்தார்கள் எனில், கூலி பெற்ற உழைப்பு 0.7 மணி. பதினைந்தில் இரண்டு பங்கு! எஞ்சிய பதின்மூன்று பங்குக்கு ஒரு ரூபாயும் கைமாறவில்லை. பணத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை.

அரசின் கணக்கு இதை முற்றிலும் மறந்துவிட்டது என்று கூற முடியாது. வேளாண் விலைகளைப் பரிந்துரைக்கும் ஆணையம், செலவுக் கணக்கில் குடும்பத்தாரின் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போடுகிறது. ஆனால் அது நிலத்தில் செய்யும் வேலைக்குத்தான். உரலும் அடுப்பும் அதில் வருவதில்லை. வீட்டு வேலையின் நேரத்தை அறிய 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. 2019-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டது தெரியவந்தது.

ஆலை வந்தால்?

குத்தும் வேலையை இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும்? கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களுக்கான சிற்றாலைகளை ஊர்களில் அமைத்தது இந்தச் சுமையைக் குறைக்கத்தான். நம் கணக்கை அதற்கும் பொருத்திப் பார்ப்போம்.

ஆலைக்குப் போய்வரவும் காத்திருக்கவும் 4 மணி ஆகிறது என்போம். 30 கிலோ தானியத்தைக் கொண்டுபோனால் 20 கிலோ அரிசி கிடைக்கும். கிலோவுக்கு 0.2 மணி, ஆலைக்காரரின் உழைப்பு 0.05 சேர்த்து 0.25. குத்துவதற்கான 0.75 மணியில் அரை மணி மிச்சம். ஆனால் மலைப்பாதையில் 30 கிலோவைச் சுமக்க இயலாத முதிய பெண் ஒருவர் ஏழரைக் கிலோவைத்தான் எடுத்துப் போகிறார் என்றால்? ஐந்து கிலோ அரிசிக்கு 4 மணி, கிலோவுக்கு 0.8. உரலே மேல் என்று ஆகிவிடுகிறது! உழைப்பு குறையவில்லை, உலக்கையிலிருந்து தலைச்சுமைக்கு இடம் மாறியிருக்கிறது. ஆலை எத்தனை குதிரைத்திறன் உள்ளது என்பதைவிட, அது வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

சாமை ஏன் தட்டிலிருந்து மறைந்து வருகிறது என்ற கேள்விக்கும் இதில் விடையின் ஒரு பகுதி உண்டு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதைக் குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். நேரே உலையில் இடலாம். அந்த அரிசி மிச்சப்படுத்துவது பணத்தை மட்டுமன்று, ஒரு பெண்ணின் காலைப் பொழுதையும்தான். 2023-ஐ உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. சாமையின் சத்தைப் புகழ்ந்தோம். அந்தச் சத்து உமிக்குள்ளிருந்து யார் கையால் வெளிவருகிறது என்று கேட்காமல் 'பழைய உணவுக்குத் திரும்புங்கள்' என்றால், அவர்களைப் பழைய உரலுக்கும் திரும்பச் சொல்கிறோம் என்றுதான் பொருள்.

அளவுகோலின் எல்லை

ஆள்-மணியும் குறையற்றதன்று. உரலில் ஒரு மணியும் நிழலில் ஆடு மேய்க்கும் ஒரு மணியும் உடலுக்கு ஒன்றல்ல. ஆட்டை மேய்த்தபடியே சாமைக்குக் காவல் இருந்தால் அந்த நேரத்தை எதில் சேர்ப்பது? பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விடையைப் பார்த்தபின் விதியை மாற்றக் கூடாது. எந்த அளவீட்டுக்கும் உள்ள ஒழுங்குதான் இது.

வாசகர்களே, இந்த ஆய்வுக்குத் தொலைநோக்கி வேண்டாம். ஒரு கைக்கடிகாரமும் குறிப்பேடும் போதும். நாளைக் காலை உங்கள் வீட்டு இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊறப்போட்டது, அரைத்தது, வார்த்தது, சட்னிக்குத் தேங்காய் துருவியது, தட்டு கழுவியது என ஒவ்வொன்றுக்கும் யார், எத்தனை நிமிடம் செலவிட்டார் என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். பின்பு பெயர்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை முதலில் உங்கள் வீட்டாரிடமே காட்டுங்கள்.