ஏரி மேல் படர்ந்த புகை

பிரிட்டனின் 'டீப் பர்ப்பிள்' இசைக் குழுவினர் 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகருக்குப் போனது கச்சேரிக்கு அல்ல. இசைத்தட்டு ஒன்றுக்குப் பாட்டுகள் பதிவு செய்ய. ஜெனீவா ஏரிக்கரைக் காசினோவில் ஃபிராங்க் ஜாப்பாவின் நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கு அவர்கள் கைக்கு வரும் என்பது ஏற்பாடு.

டிசம்பர் 4. ஜாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் எவனோ ஒருவன் கூரையை நோக்கி ஒளிக்குண்டுத் துப்பாக்கியால் சுட்டான். விளையாட்டாம்! கூரை பற்றிக்கொண்டது. நிகழ்ச்சி அமைப்பாளர் கிளாட் நோப்ஸ் உள்ளே புகுந்து இளைஞர்களை வெளியேற்ற உதவினார். உயிர்ச்சேதம் இல்லை. காசினோ மட்டும் சாம்பலாயிற்று. புகை ஏரி நீரின் மேல் திரையாகப் பரவியதை டீப் பர்ப்பிள் குழுவினர் பார்த்து நின்றனர்.

சில நாள் கழித்து, தூக்கம் கலைந்தும் கலையாமலும் ரோஜர் குளோவர் முணுமுணுத்த சொற்களே பாட்டின் தலைப்பு: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. போதைமருந்துப் பாட்டோ என்று எண்ணிவிடுவார்களே என அவருக்கே தயக்கம்.

வேறொரு அரங்கில் இரவில் இதன் வாத்தியப் பகுதியைப் பதிவு செய்தபோது, சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தாரின் புகாரால் போலீஸ் வந்து நின்றது! மிச்ச வேலை, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், மெத்தைகளைத் தடுப்பாக நிறுத்தி நடந்தது.

1972-ல் வெளியான 'மெஷின் ஹெட்' இசைத்தட்டில் இதுவும் ஒன்று, அவ்வளவே. தனிப்பாட்டாக மறு வருடம் வெளிவந்தபோது அமெரிக்கப் பட்டியலில் 4-வது இடத்தைப் பிடித்தது.