நிலக்கடலையில் துரு நோய்: செடியை விழிக்கச் செய்யும் கைட்டோசான்

நிலக்கடலை இலையின் அடிப்புறத்தில் செம்பழுப்பு நிறக் கொப்புளங்கள் தோன்றினால் அது துரு நோயாகும். நோய் முற்றினால் இலைகள் காய்ந்து, பருப்பு சிறுத்துவிடும்.

இந்நோய்க்குக் காரணமான பூசணத்தின் சுவரில் கைட்டின், குளுக்கான் என்னும் சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. பூசணம் இலைக்குள் நுழையும்போது சுவரின் துணுக்குகள் பிரிகின்றன. இவற்றைக் கொண்டே செடி பகைவனை அறிந்து, பூசணச் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. சுரப்பது தாமதமானால் நோய் வென்றுவிடும்.

செடியை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த இயலும். இறால், நண்டு ஓடுகளிலும் கைட்டின் உண்டு. அதிலிருந்து தயாராகும் கைட்டோசானை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் தாவரவியல் உயராய்வு மையத்தினர் நிலக்கடலை இலைகளில் சோதித்தனர். 1998இல் வெளியான முடிவின்படி, துருக் கொப்புளங்கள் குறைந்தன. கைட்டினேஸ், குளுக்கனேஸ் ஆகிய எதிர்ப்பு நொதிகள் கூடின.

ஆனால் கைட்டோசான் நோய் வருமுன் காக்க உதவுவது. துரு பரவிய வயலில் இதை மட்டும் நம்பினால் பணமும் போகும், விளைச்சலும் போகும். எனவே விவசாயிகள் தானாக முளைத்த கடலைச் செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும். வாரந்தோறும் இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கொப்புளம் கண்டவுடன் வேளாண்மை அலுவலரைக் கலந்து, ஏற்ற பூசணக்கொல்லியைத் தெளித்தல் நலம்.