வெயிலுக்குக் கூலர், குளிருக்குக் கணப்பு

மாற்றல் உத்தரவுடன் தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு வந்து சேரும் குடும்பங்களுக்கு இவ்வூர் ஓராண்டுக்குள் இரண்டு பாடங்களைக் கற்பித்துவிடுகிறது. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் வெயிலும், ‘லூ’ என்னும் அனற்காற்றும் முதற் பாடம். ஜனவரியில் 4 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும் குளிர் இரண்டாம் பாடம். ஊரில் ஒரு மின்விசிறியையும் ஒரு போர்வையையும் கொண்டு காலம் கழித்த நமக்கு, இங்கே கோடைக்கு ஒரு சாதனமும் குளிருக்கு ஒரு சாதனமும் வேண்டியிருக்கின்றன. அவற்றை வாங்குவது எளிது. பேணுவதிலேதான் குடும்பத்தின் சுகமும், சில வேளைகளில் உயிரும், அடங்கியிருக்கின்றன. அதிலும் முதன்மையாக அறிய வேண்டியது, ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதேயாகும்.

முதலில் கூலரை எடுத்துக்கொள்வோம். மண்பானையில் தண்ணீர் குளிர்வது எவ்வாறோ, அவ்வாறே கூலரும் வேலை செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. நனைந்த தட்டிகளின் வழியே வரும் காற்று அவ்வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் தான் குளிர்ந்து உள்ளே நுழைகிறது. காற்று எவ்வளவுக்கு வறண்டிருக்கிறதோ, அவ்வளவுக்குக் குளிர்ச்சி மிகும். கடலோரமான சென்னையில் கூலர் அவ்வளவாகப் பயன்படாததும், டில்லியிலேயே ஜூலை மழை தொடங்கியபின் அது சோர்ந்துவிடுவதும் இக்காரணத்தாலேதான். மழைக்காலத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட விடுவதே நலம்.

குளிர்ச்சி வெளியேறிவிடுமே என்று அஞ்சி, கூலர் ஓடும்போது நம்மவரிற் பலர் எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுகின்றனர். அப்போது ஈரக்காற்று அறைக்குள்ளேயே தேங்கி, புழுக்கம் மிகுந்து, உடம்பு பிசுபிசுக்கிறது. ‘கூலர் கெட்டுவிட்டது’ என்று மெக்கானிக்கை அழைக்கிறார்கள். கெட்டது ஒன்றுமில்லை. கூலர் வெளிக்காற்றை இழுக்கும்படி ஜன்னலுக்கு வெளியே இருக்கவேண்டும். உள்ளே வந்த காற்று வெளியேற, எதிர்ப்புறத்து ஜன்னலோ கதவோ சற்றுத் திறந்திருக்கவேண்டும். கூலருக்கு நுழைவாயில் மட்டும் போதாது, போகும் வாயிலும் வேண்டும்.

கோடை பிறக்குமுன், மார்ச் மாத முடிவிலேயே கூலரைச் சோதித்துக்கொள்வது உத்தமம். மரச்சீவல் நாரால் ஆன தட்டிகளை ஆண்டுதோறும் மாற்றவேண்டும். வெட்டிவேர்த் தட்டி வாசனை தரும். தேன்கூடு போன்ற தடித்த காகிதத் தட்டிகள் விலை கூடியவையெனினும், சில ஆண்டுகள் உழைக்கும். நிலத்தடி நீரைப் பயன்படுத்துவோர் வீடுகளில் தட்டிகளின் மீது வெள்ளை உப்புப் படியும். தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றினால் அது குறையும். மோட்டார் முனகியும் விசிறி சுழலாவிட்டால், புதிதாகச் சுருள் கட்டவேண்டும் என்று சொல்லப்படுவதை உடனே ஏற்காமல், முதலில் கண்டென்ஸரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல வேளைகளில் சிறு செலவோடு காரியம் முடிந்துவிடும்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தமானது. இரும்புத் தகட்டுப் பெட்டி, அதனுள் தண்ணீர், நடுவே மின்சாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. எங்கேனும் கம்பியின் உறை கிழிந்தால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். ஆகையால் மூன்று முள் பிளக்கும், உண்மையாகவே பூமியோடு இணைந்த எர்த் கம்பியும் இல்லாத இடத்தில் கூலரை ஓட்டலாகாது. சுவரில் மூன்று துளை இருப்பதனாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. மின்பணியாளரைக் கொண்டு சோதித்தறியவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.ஸி.ஸி.பி. என்னும் சாதனத்தை வீட்டு மெயின் பலகையில் பொருத்தினால் மேலும் ஒரு காவல் உண்டாகும். தண்ணீர் ஊற்றுமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். குழந்தைகளிடம் அவ்வேலையை ஒப்படைக்காதீர்கள்.

இன்னோர் அபாயம் தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரிலேதான் முட்டையிடும். 1996-ஆம் ஆண்டில் டில்லியில் டெங்கு பரவி 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெப்பக் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். எனவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தொட்டியைக் காலி செய்யவேண்டும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. ஓரங்களில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருக்குமாதலால், துடைப்பத்தால் தேய்த்துக் கழுவவேண்டும். பருவம் முடிந்ததும் உலர்த்தி மூடி வைக்கவேண்டும்.

குளிர்காலத்தில் நாம் நாடுவது ஹீட்டரை. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் மின்சாரத்தை உண்ணும். அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலோ, மெல்லிய நீட்டிப்புக் கம்பியிலோ அதை மாட்டினால் கம்பி உருகித் தீப்பற்றக்கூடும். பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டே அதற்கு உரியது. மெத்தை, திரை, காயும் துணி ஆகியவற்றை அருகில் வைக்கலாகாது.

மின்சாரம் இல்லாத இரவுகளில் ‘அங்கீட்டி’ எனப்படும் கரியடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவரும் வழக்கம் இப்பக்கத்தில் உண்டு. நம் ஊர்க் குமுட்டியைப் போன்றதே அது. அதன் கதகதப்பில் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்கிய குடும்பங்கள் விடியலில் எழாமற்போன செய்திகள், வட இந்தியப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும் வலிமை, பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேல். தலைவலி, குமட்டல், மயக்கம் என்ற வரிசையில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். இருமல் வந்து எழுப்பும் என்று எண்ணாதீர்கள், இது புகையன்று. குளிக்கும் அறைக்குள்ளேயே மாட்டப்படும் காஸ் கீஸரும் இதே வகையைச் சேர்ந்தது. அதனை அறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டுவதே முறை. கரியடுப்பைத் திறந்த வெளியில் வைத்துக் குளிர் காயுங்கள். உறங்கும் அறைக்குள் அது வரவே வேண்டாம்.

வசதி கூடியபின் ஏர்கண்டிஷனர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதற்கு மட்டும் கதவும் ஜன்னலும் அடைபட்டிருக்கவேண்டும். கூலரையும் அதனையும் ஒரே அறையில் சேர்த்து ஓட்டினால், கூலர் தரும் ஈரத்தை நீக்குவதிலேயே ஏர்கண்டிஷனரின் உழைப்பு வீணாகும். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியுடன் விற்கப்படும் ஏர்கண்டிஷனர்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதிக்கப்பட்டுள்ளன; அந்த அளவே பெரும்பாலும் போதுமானது. வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் மின்கட்டணமும் குறையும். கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெப்பமும் தரும் வகையை வாங்கினால், சாதாரண ஹீட்டரைவிடக் குறைந்த மின்சாரத்தில் அறை கதகதப்படையும்.

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து பெற்றோரும் மாமியார் மாமனாரும் நம் வீட்டுக்கு வருவார்கள். பகலில் நாம் அலுவலகம் சென்றபின் கூலரும் அவர்களும்தான் வீட்டில் இருப்பர். எந்த ஜன்னல் திறந்திருக்கவேண்டும், எந்த சுவிட்சை அணைத்தபின் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பதை வந்த அன்றே அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கூலரின் அருகே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.