மண்ணுக்குள் மறைத்த நெருப்பு

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலிலும் அணுகுண்டைச் சோதிப்பதைத் தடை செய்தது. நிலத்தடிச் சோதனையை அது தடுக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் வெடித்தால் தீங்கு வெளிவராது என்று பலர் நம்பினர். அந்நம்பிக்கை எத்துணை உறுதியானது என்பதை, அலாஸ்காவின் அலூஷியன் தீவுத் தொடரிலுள்ள ஆம்ச்சிட்கா என்னும் தீவின் வரலாற்றைக் கொண்டு நாம் ஆராய்ந்து பார்க்கலாம்.

மரமற்ற, ஓயாது காற்று வீசும் தீவு அது. அலூட் மக்கள் முற்காலத்தில் அங்கு வாழ்ந்தனர். 1913-இல் அமெரிக்க அரசு அத்தீவுத் தொடரை வனவுயிர்க் காப்பிடமாக அறிவித்தது. உரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு ஏறக்குறைய அழிந்துபோன கடல் நீர்நாய்கள் அங்கே மீண்டும் பெருகின. அந்தக் காப்பிடத்திலேதான் 1965, 1969, 1971 ஆகிய ஆண்டுகளில் மூன்று அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன.

மூன்றாவது குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 5 மெகாடன். ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். வான்கூவர் நகரிலிருந்து ஒரு சிறு குழுவினர் மீன்பிடிப் படகில் எதிர்ப்புப் பயணம் புறப்பட்டனர். தீவை அடையாமலே திரும்பினர். கிரீன்பீஸ் இயக்கம் அதிலிருந்தே பிறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகளில் நால்வர் சோதனையைத் தடுக்க மறுத்தனர்; மூவர் மாறுபட்டனர். அதே நாளில், 1971 நவம்பர் 6 அன்று, சுமார் 1,790 மீட்டர் ஆழத்தில் குண்டு வெடித்தது.

நிலம் ஏறத்தாழ 20 அடி மேலெழுந்து விழுந்தது. கடற்கரைப் பாறைகள் சரிந்தன. பின்னர் நிலத்தடிக் குழி இடிந்து மேற்பரப்பு அமிழ்ந்தது. அப்பள்ளத்தில் ஓர் ஏரி உருவாயிற்று. கரையில் கிடைத்த நீர்நாய்களின் உடல்கள் சிலவே. எனினும் எஞ்சியவற்றைக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், மடிந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும் என மதிப்பிட்டனர். முதல் சோதனையின் கதிரியக்க டிரிடியமோ, நிலத்தடியில் தங்காமல் அருகிலிருந்த நன்னீர்க் குட்டைகளில் காணப்பட்டது. 1972-இல் அத்தீவில் சோதனைகள் கைவிடப்பட்டன.

இன்று நிலை என்ன? 2004-இல் கடலுயிர்களைச் சோதித்த அறிவியலாளர்கள், உணவாகும் மீன்களில் ஆபத்தான கதிரியக்கம் இல்லை எனக் கண்டனர். இது ஆறுதல் தரும் செய்தியே. இதை மறைத்து அச்சமூட்டுவது நேர்மையாகாது. ஆனால் குண்டின் எச்சம் இன்னும் பாறைக்குள்ளேயே கிடக்கிறது. அதை எடுத்து அகற்ற வழியில்லை. புளுட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். அத்தீவு நிற்பதோ நிலநடுக்கம் மிகுந்த பகுதியில். ஆகவே கண்காணிப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டியிருக்கிறது.

அன்பர்களே, ஒரு நொடியில் முடிந்த செயலுக்கு, இன்னும் பிறவாத பிள்ளைகள் காவலிருக்க வேண்டுமெனில், அச்செயலை முடிந்த ஒன்றாக நாம் எங்ஙனம் கருதுவது? கண்ணுக்கு மறைந்தது கணக்கிலிருந்தும் மறைந்துவிடாது என்பதை நாம் மறவாதிருப்போம்.