மடங்கிய கைக்கு உளியே மருந்து!
வேலூரில் நடந்த அதிசயம்

"நரம்பு செத்துப் போச்சு. இனி கை அவ்வளவுதான்!"

ஒரு காலத்தில் தொழுநோயாளிகளிடம் இப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சை மாற்றியவர் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான். ஆனால் 1914-ல் பிறந்தது நம்ம கொல்லிமலையில்!

லண்டனில் டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். அவருக்கே கை வலித்து விட்டது!

விரல் மடங்கினாலும், முன்கைத் தசையில் பலம் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

நாலு கூறு

1948-ல் ஆபரேஷன் தொடங்கியது. மோதிர விரலை மடக்க இரண்டு தசைநார்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, நாலு கூறாக்கி, நாலு விரலிலும் தைப்பது ஒரு முறை.

தைத்ததும் கை ஓடிவிடுமா? ஓடாது! மூளைக்குப் பழைய வழிதான் தெரியும். மோதிர விரலை மடக்க நினைத்தால், நாலு விரலும் அடிமூட்டில் மடங்கி நுனியில் நிமிரும். இதைப் புதுசாகப் பழகவேண்டும். கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபி அதற்குத்தான்.

பிச்சையும் போச்சு

கை சரியானது. வயிறு? "மடங்கின கையைப் பார்த்துதான் காசு போட்டாங்க. இப்ப அதுவும் இல்லை; வேலையும் யாரும் தர்றதில்லை" என்கிற நிலையில் திரும்பி வந்தார்கள்.

யோசித்தார் டாக்டர். 1951 வாக்கில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, 'புதுவாழ்வு' மையம் தொடங்கினார். தச்சு வேலை, பொம்மை செய்வது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். உளி பிடித்ததே பயிற்சி; பயிற்சியே பிழைப்பு!

ஆபத்தும் இருந்தது. டாக்டரால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு பையன் திறந்தான். சாவி விரலை எலும்பு வரை கிழித்தது அவனுக்குத் தெரியவே இல்லை! ஆபரேஷனால் அசைவு வரும், உணர்ச்சி வராது. அதனால் தினமும் கையைப் பார்த்துக்கொள்வதும் பாடமானது.

நமக்கும்தான்

விபத்தில் நரம்பு அடிபட்டவர்களுக்கும் இது பொருந்தும். வெட்டுப்பட்டு, தைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லி மீட்டர்தான் வளரும். 'வந்ததும் பார்ப்போம்' என்று சும்மா இருந்தால் மூட்டு இறுகிவிடும்.

வெறுமனே கையை ஆட்டினால் போதாது. பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி சட்டைப் பட்டன் போடுங்கள், சில்லறை எண்ணுங்கள், டம்ளரைத் தூக்குங்கள்.

கையை வேலைக்கு அனுப்புங்கள். அசைவு திரும்பி வர அதுதான் வழி!